பூ வேறு, பந்தி வேறு

மயிலாப்பூர் லஸ் கார்னரில் தினமும் பஸ் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே தள்ளி இருக்கும் பிரகாச மாதா கோவிலை எட்டிப் பார்த்திருப்பார்கள்? லஸ் சர்ச் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். பழைய ஆட்கள் காட்டுக் கோவில் என்பார்கள். போர்த்துகீசியர் கட்டியது. அங்கே இருக்கும் கல்லில் 1516 என்று வருடம் வெட்டியிருக்கிறது. அந்தக் கல்லை நம்பினால், மார்ட்டின் லுத்தர் தன்னுடைய 95 கருத்துரைகளை எழுதுவதற்கு ஒரு வருடம் முன்பே மயிலாப்பூரில் ஒரு மாதா கோவில் இருந்திருக்கிறது. மேற்குத் திருச்சபை கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று உடைவதற்கும் முந்தைய கட்டடம்!

சீர்திருத்தம் என்றதும் அது ஏதோ ஜெர்மனிக்காரர்களின் குடும்பச் சண்டை, நமக்கென்ன என்று ஒரு எண்ணம் இங்கே உண்டு. கிறிஸ்தவர்களிடமே உண்டு. ஆனால் அந்தச் சண்டையின் ஒரு முக்கியமான பகுதி தமிழ்நாட்டில்தான் நடந்தது. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நடந்தது. அது இன்னும் முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

மூன்று நாள் கணக்கு

அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள். லுத்தரன் சபைகளில் அன்றைக்கோ அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையிலோ ஆராதனை நடக்கும். திருச்சபை ஆண்டில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம் உண்டு. அட்வெந்துக்கும் லெந்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, திரித்துவ ஞாயிறுக்குப் பிறகு வரும் நீண்ட காலத்துக்குப் பச்சை. சீர்திருத்தத் திருநாளுக்குச் சிவப்பு. பெந்தெகொஸ்தேக்கும் அதே நிறம்தான்.

1517-ல் லுத்தர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மறுநாள் நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். விட்டன்பர்க் கோட்டைக் கோவிலில் அன்றைக்குப் புனிதர்களின் எலும்பு, துணி எல்லாவற்றையும் காட்சிக்கு வைப்பார்கள். வந்து பார்த்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கவேண்டிய காலம் குறையும் என்று சொல்லப்பட்டது. லுத்தர் கதவில் ஆணி அடித்தாரா இல்லையா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அன்றைய தேதியிட்டு மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்குக் கடிதம் அனுப்பினார், கருத்துரைகளையும் உடன் வைத்தார் என்பதில் சந்தேகமில்லை.

அதற்கு அடுத்த நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சென்னையில் இந்த மூன்று நாட்களில் எதற்குக் கூட்டம் அதிகம் என்று கேட்டால் பதில் சுலபம். கீழ்ப்பாக்கம் கல்லறையிலும், சாந்தோமைத் தாண்டி இருக்கும் குவிபிள் ஐலண்ட் கல்லறையிலும் நவம்பர் 2 அன்று நிற்க இடம் இருக்காது. சாமந்தியும் ரோஜாவும் மெழுகுவர்த்தியும் குவிந்து கிடக்கும். கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை, புராட்டஸ்டண்ட் குடும்பங்களும் வருகின்றன. "செத்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் உபதேசத்தில் இல்லை" என்று சொல்கிற குடும்பம்கூட ஒரு முழம் பூவோடு வந்து நிற்கும்.

இது தப்பா? லுத்தரன் இறையியல்படி தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். உத்தரிக்கிற ஸ்தலத்துக்குக் காசு வாங்கியதுதான் 1517-ன் பிரச்சினை. அம்மாவின் கல்லறையில் பூ வைத்தால் அம்மாவுக்குப் புண்ணியம் சேரும் என்று யாராவது கணக்குப் பார்த்தால் மட்டும்தான் லுத்தர் குறுக்கே வருவார். அன்பினால் வைக்கிற பூ வெறும் பூ.

இந்த "வெறும் பூ" என்ற விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முழு வாதமும் அதில்தான் இருக்கிறது.

இஷ்டத்துக்கு விடப்பட்டவை

1522 லெந்து காலம். சூரிச் நகரத்தில் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் நோன்பு நாளில் மாமிசம் (சாஸேஜ்தான்!) சாப்பிட்டார்கள். உடன் இருந்த சுவிங்லி, தான் சாப்பிடாவிட்டாலும் பிறகு அவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்தார். அங்கே சீர்திருத்தம் அப்படி ஆரம்பித்தது. போகப்போகப் படங்கள், இசைக்கருவிகள், திருநாட்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே போயின.

அதே லெந்து காலத்தில் விட்டன்பர்கிலும் கலவரம். லுத்தர் ஊரில் இல்லாத நேரத்தில் கார்ல்ஷ்டாட்டும் மற்றவர்களும் வேகவேகமாக எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கியிருந்தார்கள். லுத்தர் வார்ட்பர்க் கோட்டையிலிருந்து இறங்கி வந்து, லெந்தின் முதல் ஞாயிறு தொடங்கி எட்டு நாள் எட்டுப் பிரசங்கம் செய்தார். சாராம்சம் இதுதான்: சில விஷயங்கள் கட்டாயம், சில விஷயங்கள் சுதந்திரம். சுதந்திரமானதைக் கட்டாயமாக்காதே. படம் வைப்பதும் பாவசங்கீர்த்தனம் செய்வதும் நோன்பு இருப்பதும் இருக்கட்டும். பலவீனமான சகோதரனைத் தள்ளிவிட்டு ஓடாதே, அவன் வரும்வரை பொறு.

இதனால்தான் லுத்தரன் சபைகளில் திருச்சபை ஆண்டு அப்படியே தங்கியது. சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், மெழுகுவர்த்தி, அங்கி, பீடம் எல்லாமே இருந்தன. இவற்றால் இரட்சிப்பு வராது. ஆனால் இவை நல்லவை, அழகானவை, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க உதவுகிறவை. 1530-ன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. சபை ஒன்றாக இருப்பதற்கு நற்செய்தியும் திருவருட்சாதனங்களும் சரியாக இருந்தால் போதும், மனுஷர் ஏற்படுத்திய ஆசாரங்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டிய அவசியமில்லை.

இந்த மாதிரி விஷயங்களுக்கு அதியாஃபொரா என்று ஒரு கிரேக்கச் சொல் உண்டு. கடவுள் 'செய்' என்றும் சொல்லவில்லை, 'செய்யாதே' என்றும் சொல்லவில்லை. நம் இஷ்டத்துக்கு விடப்பட்டவை. எனக்கு லுத்தரன் இறையியலில் ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு மதம் "இதெல்லாம் உன் இஷ்டம்" என்று ஒரு பெரிய பட்டியலை நம் கையில் கொடுப்பது சாதாரண விஷயமில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது? அங்கேதான் தமிழ்நாடு வருகிறது.

ராஜநாயக்கன்

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். தமிழ் அச்சு, 1714-15-ல் வந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1718-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புது எருசலேம் ஆலயம் என்று அந்த மிஷனின் பெருமைகளைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பெருமைகள் உண்மைதான், மறுக்கவில்லை.

அந்த மிஷனில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். தஞ்சை ராஜாவின் படையில் வேலை பார்த்தவர். கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடி அச்சுப் புத்தகத்தைப் படித்தே லுத்தரன் பக்கம் வந்தவர். லுத்தர் சொன்ன "வேதம் மட்டும்" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஜெர்மனியில்கூடக் கிடைப்பது கஷ்டம். தஞ்சைச் சீமைக்குள் ஐரோப்பியர்கள் போக முடியாத காலத்தில் அங்கே சபைகளைக் கட்டியவர் அவர். பிறப்பால் பறையர்.

1733-ல் ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்று மிஷன் முடிவு செய்தது. உபதேசியார்களில் யாருக்கு என்று யோசித்தபோது ராஜநாயக்கன் பெயரும் வந்தது. திறமையில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க வெள்ளாளர் சம்மதிக்கமாட்டார்கள் என்று தயங்கினார்கள். 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றவர் ஆரோன். வெள்ளாளர். நல்ல மனிதர், உழைப்பாளி, அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. 1741-ல் இரண்டாவது இடம் வந்தபோதும் ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை, தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771-ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

யோசித்துப் பாருங்கள். மனிதன் தன் தகுதியால் கடவுளிடம் போக முடியாது, விசுவாசத்தினால் மட்டுமே போக முடியும் என்று சொல்வதற்காகவே பிறந்த சபை அது. கப்பல் ஏறி ஏழெட்டு மாதம் பயணம் செய்து வந்து அதைச் சொன்ன மிஷன் அது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதனின் கை அப்பத்தைக் கொடுக்கத் தகுதியா இல்லையா என்று பிறப்பைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள்.

நான்கு புகார்கள்

இனி நூறு வருடம் தள்ளி தஞ்சாவூருக்கு வருவோம். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க முடியாது. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரோடு கூடப் படித்த நண்பர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் கீர்த்தனைகள் இல்லாமல் லுத்தரன் சபையிலோ தென்னிந்தியத் திருச்சபையிலோ லெந்து காலம் கழியாது.

1820களில் தஞ்சாவூருக்குப் புதிய மிஷனெரிகள் வந்தார்கள். பழைய ஜெர்மன் ஐயர்மார் விட்டுவைத்திருந்த பல வழக்கங்களை மாற்றப் பார்த்தார்கள். சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்த்து எழுதினார்கள். சாதியாசாரத்தின் பாவனை என்ற அவருடைய நூல் 1829-ல் எழுதப்பட்டது. அவர்களுடைய புகார்களைச் சுருக்கினால் நான்கு:

1. எங்களுக்குப் பழகிய தமிழ் வேதத்தைத் திருத்துகிறார்கள். (ரேனியுஸ் ஐயரின் புது மொழிபெயர்ப்பைச் சொல்கிறார்கள்.)

2. திருநாட்களிலும் கல்யாணத்திலும் சாவிலும் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள்.

3. கோவிலில் தமிழ்ப் பாட்டும் தமிழ் இசையும் கூடாது என்கிறார்கள்.

4. சாதி வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக உட்காரவும், ஒன்றாக நற்கருணை வாங்கவும் கட்டாயப்படுத்துகிறார்கள்.

இந்த நான்கையும் ஒரே மூச்சில் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது. வேதத் தமிழ் பற்றிய முதல் புகாரைப் புரிந்துகொள்ள முடிகிறது. சின்ன வயதிலிருந்து காதில் ஒலித்த வசனத்தை மாற்றினால் யாருக்கும் வலிக்கும். பூவைப் பற்றிய புகார் நூற்றுக்கு நூறு நியாயம். தமிழனுக்குப் பூ இல்லாமல் கல்யாணம் ஏது, சாவு ஏது? பாட்டைப் பற்றி அவர் சொன்னதுதான் கடைசியில் ஜெயித்தது. இன்று கீர்த்தனை இல்லாத தமிழ் ஆராதனை கிடையாது. டிசம்பரில் விடியற்காலையில் தெருவில் பஜனை பாடிக்கொண்டு போகிறவர்களிடம் போய் இது கிறிஸ்தவம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று!

நான்காவதுதான் தொண்டையில் சிக்குகிறது. இவ்வளவு பெரிய கவிஞர், இவ்வளவு பக்தி, ஆனாலும் பூவைக் காப்பாற்றுகிற அதே வேகத்தில் பாயையும் காப்பாற்றுகிறார். சாதி என்பது உலக வழக்கம், இரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழைய ஐயர்மார் பொறுத்துக்கொண்டார்களே என்பதுதான் அவர் தரப்பு. அதாவது இஷ்டத்துக்கு விடப்பட்டவை பட்டியலில் சாதியையும் சேர்த்துவிட்டார்.

எதிர்த் தரப்பும் உசத்தியில்லை. பூ, பாட்டு, சாதி மூன்றையும் "அஞ்ஞான வழக்கம்" என்று ஒரே கூடையில் போட்டு வெளியே எறியப் பார்த்தார்கள். ஒரு தரப்பு கூடையோடு வைத்துக்கொண்டது, இன்னொரு தரப்பு கூடையோடு வீசப் பார்த்தது. கூடைக்குள் கையை விட்டுப் பூவைத் தனியாகவும் பந்தியைத் தனியாகவும் எடுக்க யாருக்கும் பொறுமையில்லை.

லைப்சிக்கின் பதில்

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பினார். சபைக்குள் சாதி உடனே, முற்றிலுமாகப் போகவேண்டும் என்று உத்தரவு. இங்கே சென்னை வேப்பேரியில் அந்த உத்தரவைக் கேட்டு மேல்சாதியார் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் அதே கதை. சில வருடங்களில் லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷன் வந்ததும் இப்படி வெளியேறியவர்களில் பலர் அதில் போய்ச் சேர்ந்தார்கள். ஏன் என்றால், லைப்சிக் சாதியைப் பொறுத்துக்கொண்டது.

1850-ல் சென்னை மிஷனெரிகளின் மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது லைப்சிக் சேரவில்லை. அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் 1851-ல் விளக்கம் எழுதினார். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. தமிழ் படித்தவர், 1856-ல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தவர். தமிழ்ப் பண்பாட்டை மதித்தவர். அவர் சொன்னது: சாதி ஒரு சமூக ஏற்பாடு. அதில் மதக் கலப்பு இருப்பது உண்மை, அதை நற்செய்தி மெல்ல மெல்லக் கரைக்கும். உத்தரவு போட்டு ஒழிப்பது சட்டம், நற்செய்தி இல்லை. பலவீனர்களைப் பொறுக்க வேண்டும்.

பாருங்கள், 1522 லெந்தில் லுத்தர் செய்த பிரசங்கம் அப்படியே வந்துவிட்டது! அதனால்தான் இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கிரவுல் ஏமாற்றவில்லை. தன் சபையின் மிக நல்ல போதனையை எடுத்துத்தான் பேசினார்.

ஆனால் மூன்று இடங்களில் அந்த வாதம் உடைகிறது. உடைப்பதற்கு வெளியிலிருந்து எதுவும் கொண்டுவர வேண்டாம், லுத்தரன் பெட்டியிலேயே சுத்தியல் இருக்கிறது.

முதலாவது, யார் பலவீனர்? லுத்தர் பொறுக்கச் சொன்னது பழைய நோன்பை விட மனம் வராத ஏழைக் குடியானவனை. தஞ்சாவூர்க் கோவிலில் நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தவர் எந்த வகையில் பலவீனர்? ஓரத்தில் உட்கார்ந்தவனை அல்லவா பொறுமையோடு பார்த்திருக்க வேண்டும்? 1520-ல் எழுதிய கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றிய நூலில் லுத்தரே ஒரு வித்தியாசம் காட்டுகிறார். அறியாமல் தயங்குகிறவனுக்காக விட்டுக்கொடு. ஆனால் இதுதான் சட்டம் என்று பிடிவாதம் பிடிக்கிறவன் முன்னால் விட்டுக்கொடுக்காதே. அவன் முன்னாலேயே சுதந்திரத்தைக் காட்டு.

இரண்டாவது, 1548-ல் நடந்தது. லுத்தர் இறந்து இரண்டு வருடம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் லுத்தரன் சிற்றரசர்களைப் போரில் தோற்கடித்துவிட்டுப் பழைய சடங்குகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். மெலாங்க்தன் முதலானோர், "சடங்குதானே, அதியாஃபொராதானே, ஏற்றுக்கொண்டு போவோம்" என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். ஃபிளாசியுஸ் என்பவர் எழுந்து நின்றார். விசுவாசத்தையே விட்டுக்கொடுக்கும் அடையாளமாக ஒரு சடங்கு கேட்கப்படும்போது அது இஷ்டத்துக்கு விடப்பட்ட விஷயமாக இருக்க முடியாது என்றார். கடைசியில் 1577-ன் ஃபார்முலா ஆஃப் கான்கார்ட், பத்தாவது பிரிவில் அந்தக் கருத்தையே ஏற்றுக்கொண்டது. பவுல் தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்ய மறுத்ததை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறது. அந்த 1548 சமரசத்துக்குச் சரித்திரத்தில் என்ன பெயர் தெரியுமா? லைப்சிக் இன்டெரிம்! முந்நூறு வருடம் கழித்து அதே ஊரின் பெயரில் வந்த மிஷன் அதே இடத்தில் வழுக்கியது.

மூன்றாவதும் முக்கியமானதும் பந்தி. நம் ஊரில் பந்தி வஞ்சனை என்று ஒரு சொல் உண்டு. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு ஆள் பார்த்துப் பரிமாறுவது. எவ்வளவு கஞ்சனாக இருந்தாலும் தமிழன் இந்தப் பேரை வாங்க விரும்பமாட்டான். கொரிந்து சபையில் பணக்காரர் முதலில் தின்று தீர்க்க, ஏழைகள் பசியோடு நின்றபோது பவுல் கடிந்துகொண்டது இதைத்தான். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் நைசாக விலகிக்கொண்டார். பவுல் "மெல்ல மெல்லச் சரியாகும்" என்று விடவில்லை. எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். கலாத்தியர் நிருபத்தில் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற பேச்சு இந்தச் சாப்பாட்டுச் சண்டையிலிருந்துதான் கிளம்புகிறது. லுத்தரன் சபையின் உயிர்நாடியான உபதேசம் பிறந்த இடமே ஒரு பந்தி!

1546-ல் லுத்தர் சாவதற்கு முன் கடைசியாக எழுதிய சீட்டில் நாமெல்லாம் பிச்சைக்காரர்கள் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பிச்சைக்காரர்கள் உட்காரும் இடத்தில் முதல் பந்தி எது, கடைசிப் பந்தி எது?

"அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதில்: இது இந்தக் காலத்து அளவுகோல் இல்லை. கார்ல் ஓக்ஸ் என்ற லைப்சிக் மிஷனெரியே அந்தக் காலத்திலேயே சாதி விஷயத்தில் கிரவுலோடு முரண்பட்டு மிஷனை விட்டு விலகினார். கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் ஆரம்பித்த வேலை டேனிஷ் மிஷனோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆக, அதே மிஷனில், அதே வருடங்களில், அதே விசுவாச அறிக்கையைப் படித்த ஒருவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

"கத்தோலிக்கர் மட்டும் யோக்கியமா?" என்றும் கேட்பார்கள். இல்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கால் வைத்த மாதிரி கோவில் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் 1910-ல்தான் இடிந்தது. வில்சன் உத்தரவு போட்ட ஆங்கிலிக்கன் சபையிலும் சாதி செத்துவிடவில்லை. உத்தரவால் மனசு மாறாது என்று கிரவுல் சொன்னது அந்த அளவுக்கு உண்மை. மனசு மாறக் காத்திருக்கலாம், அதற்கு ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை ஆகலாம். ஆனால் பந்தி காத்திருக்க முடியாது. மனசு மாறாதவனும் அதே வரிசையில் வந்து அதே கிண்ணத்தில் வாங்கட்டும். மனசு பின்னால் வரும்.

உலக லுத்தரன் சபைகள் இதைச் செய்தும் காட்டியிருக்கின்றன. 1977-ல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், தென்னாப்பிரிக்க நிறவெறி வெறும் அரசியல் விஷயம் இல்லை, அது விசுவாசத்தையே தொடுகிற விஷயம் என்று அறிவித்தது. 1984-ல் புடாபெஸ்டில் இரண்டு வெள்ளையர் சபைகளைச் சம்மேளனத்திலிருந்து நிறுத்தி வைத்தது. 1577-ன் அதே பத்தாவது பிரிவின் தர்க்கம்தான். தோலின் நிறத்துக்குப் பொருந்துகிற தர்க்கம் பிறந்த தெருவுக்குப் பொருந்தாதா?

இப்போது என்ன செய்யலாம்?

இன்று கோவிலில் தனித்தனிப் பாய் இல்லை. பெஞ்சு வந்துவிட்டது, மின்விசிறி வந்துவிட்டது. ஆனால் பாயைச் சுருட்டி எங்கே வைத்தோம்? ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரன் தேடும் பக்கத்தைப் பாருங்கள். சபையின் பெயரோடு சாதியின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். கமிட்டித் தேர்தல் வந்தால் எந்த ஊர்க்காரர், எந்தப் பக்கம் என்ற கணக்கு வரும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடத் தனி. நவம்பர் 2 அன்று ஒரே பூக்கடையில் பூ வாங்கி, வேறு வேறு வாசல் வழியாக உள்ளே போவது எப்படிப்பட்ட திருநாள்?

என்னுடைய யோசனை சின்னதுதான். திருச்சபை ஆண்டு என்பது நினைவுபடுத்துவதற்காக உண்டான ஏற்பாடு. நமக்கு மறந்துபோவதை வருடா வருடம் அதே தேதியில் வந்து தட்டி எழுப்பும். சீர்திருத்த ஞாயிறு அன்று விட்டன்பர்க் கதவின் கதையை வருடம் தவறாமல் சொல்கிறோம். அதோடு ராஜநாயக்கன் கதையையும் சொல்லுங்கள். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு 1517 தெரிகிற மாதிரி 1733-ம் தெரியட்டும். ஆரோனை மட்டம் தட்ட வேண்டாம். ஆரோன் பெயரைச் சொல்லும்போது பக்கத்தில் இன்னொரு பெயரும் சொல்லப்பட்டால் போதும்.

பெரிய வியாழன் அன்று ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவியதைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற ஐயர்மார், அந்தியோகியாவில் பேதுரு எழுந்து போன கதையையும் ஒரு வருடம் எடுத்துப் பேசலாம். கல்லறைத் தோட்டத்தில் வாசல் இரண்டாக இருக்கிற ஊர்களில் அதைப் பற்றி அடுத்த சபைக் கூட்டத்திலேயே பேசலாம். இதற்கு ஜெர்மனியிலிருந்து யாரும் வந்து உத்தரவு போட வேண்டாம். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் உருவாகி நூறு வருடம் தாண்டிவிட்டது. 1956 முதல் தமிழர்களே பேராயர்களாக இருக்கிறார்கள். வெள்ளைக்காரர் விட்டுவைத்தார் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பூ வைக்கட்டும். கீர்த்தனை பாடட்டும். மத்தளம் அடிக்கட்டும், ஊதாத் துணி போடட்டும், சாம்பல் பூசட்டும் அல்லது பூசாமல் போகட்டும். இதெல்லாம் இஷ்டம். சாஸ்திரியார் இதற்காகச் சண்டை போட்டதற்கு நான் நன்றியுள்ளவன். அவர் சண்டை போடாமல் இருந்திருந்தால் சென்னையில் இன்றைக்கு லெந்து காலம் வாயடைத்துப் போயிருக்கும். ஆனால் பந்தி அந்தப் பட்டியலில் கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை. அதைச் சேர்த்து எழுதியவர் எவ்வளவு பெரிய கவிஞராக இருந்தாலும், எவ்வளவு பெரிய தமிழ் அறிஞராக இருந்தாலும், அந்த ஒரு வரியை நாம் அடித்துவிட்டுத்தான் மீதியைப் படிக்க வேண்டும்.